மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் பிரஷரை முந்திக்கொள்ள சில கைக்குறிப்புகள்

வீட்டில் ஒரு பெண் வாயும் வயிறுமாக இருந்தால் மாங்காய், குங்குமப்பூ, வளைகாப்புப் புடவை என்று எல்லாமே ஞாபகத்துக்கு வந்துவிடும். பி.பி. பார்ப்பது மட்டும் பின்னால் தள்ளிப்போகும். கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதமும் போக ஆரம்பிப்பதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. சிலருக்குப் புரதம் போகாமலேயே கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படுவதும் உண்டு. உலக அளவில் நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது. முற்றினால் வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து.

இதை அடியோடு தடுக்கிற மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். பெரிய செலவும் இல்லை. நம் வீடுகளில் சுலபமாகச் செய்யக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன், தோழிகளே.

1. நாள் தள்ளிப்போனது உறுதியானதும், 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் இந்தப் பதிவு வேண்டும். அதைவிட முக்கியம், அன்றைக்குப் பார்க்கிற முதல் பி.பி. அளவு. நடு மாதங்களில் பி.பி. தானாகக் கொஞ்சம் இறங்கும் என்பதால், ஐந்தாம் மாதத்தில் முதல்முறையாகப் போனால் முன்பே இருந்த பிரஷர் தெரியாமல் போய்விடலாம்.

2. அம்மாவிடமும் அக்காவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு மாசமா இருந்தப்போ பிரஷர் ஏறுச்சா?" அவர்களுக்கு இருந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். பதிலை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது மறந்துபோகும்.

3. அதே பக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள்: முதல் பிரசவமா, இரட்டைப் பிள்ளையா, வயது 35-ஐத் தாண்டியதா, உடல் எடை அதிகமா, சர்க்கரையோ கிட்னிக் கோளாறோ உண்டா, முன்பே பி.பி. உண்டா, செயற்கைக் கருத்தரிப்பா, போன குழந்தைக்கும் இதற்கும் 10 வருஷத்துக்கு மேல் இடைவெளியா. போன பிரசவத்தில் பிரஷர் இருந்திருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே நீட்டிவிடுங்கள்.

4. இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 75 முதல் 150 மில்லிகிராம் வரை, 12-வது வாரம் தாண்டியதும், 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேர்பிடித்து ரத்தக்குழாய்கள் அமைவது அந்தச் சமயத்தில்தான். நோயின் ஆரம்பமும் அங்கேதான். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்கள் இரவில் 150 மில்லிகிராம் எடுத்துக்கொண்டார்கள். 37 வாரத்துக்கு முன்பே வருகிற ப்ரீஎக்ளாம்ப்சியா அவர்களிடம் பாதிக்கும் கீழே குறைந்தது. அநேகமாக விடாமல் சாப்பிட்டவர்களுக்கே பலன் அதிகம்.

5. "இது ஹார்ட் மாத்திரையாச்சே, மாசமா இருக்கிறவளுக்கு எதுக்கு?" என்று வீட்டிலோ மருந்துக்கடையிலோ யாராவது சொல்வார்கள். பயந்து நிறுத்திவிடாதீர்கள். சீட்டிலேயே "எத்தனை மாதம் வரை" என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

6. அதற்காக, தாத்தாவின் மாத்திரை டப்பாவிலிருந்து நீங்களாக ஆஸ்பிரின் எடுத்துப் போடவும் கூடாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா, ரத்தக்கசிவு இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டர் சொன்னால் மட்டும்.

7. முன்பே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும்போதே சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை கர்ப்பத்தில் ஆகாது. லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்திவிட்டு சும்மா இருப்பது அதைவிட ஆபத்து.

8. கால்சியம் மாத்திரையை "எலும்புக்குத்தானே" என்று அலட்சியமாக விடுகிறோம். பால், தயிர் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு அது ப்ரீஎக்ளாம்ப்சியா வாய்ப்பையும் குறைக்கிறது. அரசு நிலையங்களில் 14-வது வாரத்திலிருந்து தினம் இரண்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்த மாத்திரை டப்பாவிலேயே கிடந்தால் யாருக்கு லாபம்?

9. இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றையொன்று உடம்பில் சேரவிடாது. காலை டிபனோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். இரண்டு கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் முழுதும் உடம்பில் சேராது.

10. இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம். பதிலாக எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று. சத்து நன்றாகச் சேரும்.

11. மாத்திரை மறந்துபோகிறதா? தினசரி காலண்டர் பக்கத்திலேயே மாத்திரை டப்பாவை வையுங்கள். அன்றைய மாத்திரையெல்லாம் முடிந்த பிறகுதான் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டால், கிழியாத தாளே கேட்டுவிடும். வேலைக்குப் போகிறவர்கள் மொபைலில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

12. சாப்பாட்டிலிருந்தும் கால்சியம் சேரட்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 240. வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு எள்ளுருண்டை, தினம் ஒரு கிண்ணம் தயிர். அசைவம் சாப்பிடும் வீடுகளில் நெத்திலியை முள்ளோடு குழம்பு வைத்தால் அதுவும் கணக்கில் சேரும்.

13. உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். உப்பைக் குறைத்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. ருசியில்லாமல் அந்தப் பெண் சாப்பிடாமல் எழுந்துவிடுவதுதான் நடக்கும். எல்லோருக்கும் சொல்கிற அளவு, நாளைக்கு ஒரு டீஸ்பூன், அவளுக்கும் போதும்.

14. "யூரினில் உப்பு இருக்கிறது" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுவழக்கில் சொல்வது பெரும்பாலும் ஆல்புமின் என்ற புரதத்தை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பைக் குறைத்தால் ஒன்றும் சரியாகாது. "எத்தனை பிளஸ்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

15. உப்பு பெரும்பாலும் ஒளிந்துகொண்டுதான் வருகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, இவற்றில் ஒன்று இலையில் இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

16. பிரஷருக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளில் காசைப் போடாதீர்கள். பெரிய ஆய்வுகளில் அவை இந்த நோயைத் தடுக்கவில்லை. அந்தப் பணத்தில் பழம் வாங்கலாம்.

17. விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் டின்னும் அப்படித்தான். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு, ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு முட்டை, பாசிப்பயறுச் சுண்டல், இவை போதுமான அளவு சாப்பாட்டில் இருந்தால் டின் தேவையில்லை.

18. டாக்டர் தடை சொல்லாவிட்டால் தினம் அரை மணி நேரம் நடங்கள். வாரம் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடும்; பிரஷர், சர்க்கரை இரண்டின் வாய்ப்பும் குறைகிறது. வெயில் ஏறுவதற்கு முன் மொட்டைமாடியிலேயே நடக்கலாம்.

19. "படுத்தே இரு, அசையாதே" என்று பெண்ணைக் கட்டிலில் போடுவது இந்த நோயைத் தடுக்காது. நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம்தான் கூடும். களைத்தால் ஓய்வு, மற்ற நேரம் இயல்பான வேலை.

20. இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிமதுரம் பி.பி.-யை ஏற்றும், கர்ப்பிணிக்கு வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளித்தால் போதும்.

21. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் கலப்பு மாத்திரைகளிலும் பி.பி.-யை ஏற்றும் மருந்து இருக்கும். கை கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போடுவதும் கூடாது. கடையில் வாய் திறந்ததும் முதல் வார்த்தை "மாசமா இருக்கேன்" என்பதாக இருக்கட்டும்.

22. நெஞ்செரிச்சலுக்கு நுரைக்கும் உப்புத்தூளைக் கலக்கிக் குடிப்பதும் உடம்பில் சோடியத்தை ஏற்றும் வேலை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, தலையணையை உயர்த்திப் படுத்துப் பாருங்கள்.

இனி பி.பி. பார்க்கும் விஷயம். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, களைப்பாக்காது, முகத்திலும் தெரியாது. கையில் பட்டை கட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

23. பி.பி. பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பார்ப்பார். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் நான்காம் மாதம் முதல் உள்ள கர்ப்பிணிகளுக்கு டாக்டரே பார்க்கும் இலவசப் பரிசோதனை நாள் உண்டு. காலண்டரில் எல்லா 9-ம் தேதியையும் இப்போதே வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.

24. பொதுவாக ஏழாம் மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 15 நாளுக்கு ஒருமுறை, 36 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை போக வேண்டியிருக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு முறை தள்ளிப்போடுகிறோமே, பிரஷர் ஏறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான்.

25. பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்கப் போய்க் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்காருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது.

26. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். பார்க்கும் நேரத்தில் பேசாதீர்கள். பேசினாலே சில புள்ளிகள் ஏறும்.

27. பட்டை வெறும் கையில் கட்டப்பட வேண்டும், சுடிதார் கைமேல் அல்ல. பரிசோதனை நாளில் தளர்ந்த கையுள்ள உடுப்பு போட்டுப் போனால் சிரமமில்லை. புஜம் பருத்தவர்கள் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். சின்னப் பட்டை இல்லாத பிரஷரைக் காட்டிப் பயமுறுத்தும்.

28. "நார்மல்தான்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். இரண்டு எண்களையும் கேட்டு, தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 100/60, 110/70, 128/84 என்று வரிசையாக ஏறுவது ஒரே பக்கத்தில் தெரிந்தால், 140-ஐத் தொடும் முன்பே டாக்டர் உஷாராகிவிடுவார்.

29. ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்குவது நல்லது. புஜத்தில் கட்டும் டிஜிட்டல் மிஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது நம்பகமில்லை. அக்கம்பக்கத்தில், சொந்தத்தில் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும், அதை ஆறு மாதத்துக்கு வாங்கிக்கொண்டாலும் சரி. பிறகு மாமனார் மாமியாருக்கும் பயன்படும் பொருள்தான்.

30. வீட்டு மிஷினை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே பார்க்கும் அளவோடு ஒப்பிட்டுவிடுங்கள். ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குச் சில மிஷின்கள் குறைத்துக் காட்டும். மிஷின் நல்ல அளவு காட்டினாலும், உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் உடம்பையே நம்புங்கள்.

31. மனதில் பதியவேண்டியவை இரண்டு ஜோடி எண்கள். மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 வந்தால், கொஞ்சம் உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 160 அல்லது 110 வந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இரண்டில் ஒன்று ஏறியிருந்தாலும் ஏறியதுதான்.

32. சிறுநீர் சாம்பிள் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள், அதற்கு முன் தண்ணீரால் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வெள்ளைப்படுதல் கலந்தால் புரதம் இருப்பதாகத் தவறாகக் காட்டும். அங்கே கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும்; பாட்டிலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

33. வாரம் ஒருமுறை ஒரே தராசில், காலையில், ஒரே மாதிரி உடுப்பில் எடை பாருங்கள். பிற்பாதி மாதங்களில் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ ஏறுவது சரி. திடீரென்று ஒரே வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர்; பி.பி. பாருங்கள்.

34. வளைகாப்பு வளையல் நல்ல துப்பு கொடுக்கும். அன்றைக்கு சோப்புத் தண்ணீர் தடவாமல் சுலபமாக ஏறிய கண்ணாடி வளையல், பத்து நாள் கழித்து மணிக்கட்டில் பதிந்து தடம் போடுகிறதா, மோதிரம் கழலவில்லையா, காலையில் எழுந்ததும் கண் இமை உப்பியிருக்கிறதா? சாயங்காலம் கால் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்கும் சகஜம், காலைத் தூக்கி வைத்தால் வடிந்துவிடும். கையும் முகமும் வீங்குவது வேறு கதை. "பிள்ளைப்பேறு நெருங்குது, நீர் கோத்திருக்கு" என்று பார்லிக் கஞ்சி கொடுங்கள், தப்பில்லை. ஆனால் கஞ்சி ஆறுவதற்குள் பி.பி. பார்த்துவிடுங்கள்.

35. வீக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். கால் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

36. தைலம் தடவியும் படுத்தும் போகாத தலைவலி, அதுவும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வந்தால், தூக்கம் போதவில்லை என்று தள்ளாதீர்கள். முதலில் பி.பி., அப்புறம் தைலம்.

37. கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, பூச்சி பறப்பது, மங்கல், இரண்டாகத் தெரிவது, இவற்றுக்குக் கண் டாக்டரிடம் நாள் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. பிரசவ ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

38. இதுதான் நம் வீடுகளில் அதிகம் ஏமாற்றுகிற அறிகுறி. நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ பிடித்து இழுக்கிற வலி, கூடவே வாந்தி. "வாயு பிடிச்சிருக்கு, ராத்திரி சாப்பிட்டது சேரலை" என்று ஓமத்தண்ணீர், சோடா, கேஸ் மாத்திரை என வரிசையாகக் கொடுத்து விடிய விடியப் பார்ப்பார்கள். கல்லீரல் வீங்குவதால் வருகிற வலியாக அது இருக்கலாம்; அந்த இரவு போனால் நிலைமை கைமீறிப்போகலாம். பிற்பாதி மாதங்களில் மேல்வயிறு வலித்தால், பி.பி. பார்க்காமல் கேஸ் என்று யாரும் முடிவு சொல்லக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வையுங்கள்.

39. சிறுநீர் வெகுவாகக் குறைவது, படுத்தால் மூச்சு வாங்குவது, இரண்டும் உடனே காட்டவேண்டியவை.

40. ஏழாம் மாதம் முடிந்த பிறகு, சாப்பிட்டதும் இடதுபக்கம் சாய்ந்து படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

41. இந்த அறிகுறிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பீரோ கதவிலோ சமையலறைச் சுவரிலோ ஒட்டுங்கள். கீழே 108, செவிலியர் எண், ஆட்டோக்காரர் எண். வலியில் இருக்கிறவளால் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கணவரும் மாமியாரும் தினமும் கண்ணில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

42. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய்வீட்டுக்கு அனுப்பும்போது சீர்வரிசைக்கு முன்னால் ஃபைல் பெட்டிக்குள் போகட்டும். அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கும் கணவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஊர் மாறும் அந்த வாரத்தில்தான் ஒரு பரிசோதனை விட்டுப்போகிறது. அதனால் கிளம்பும் முன் இங்கே ஒன்று, போய்ச் சேர்ந்த வாரமே அங்கே ஒன்று.

43. பிரஷர் இருப்பதாகத் தெரிந்துவிட்டால், பிரசவத்துக்கு வீட்டுக்குப் பக்கம் என்பது மட்டும் போதாது. இரவிலும் ஆபரேஷன் வசதி, ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடம் வேண்டும். அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கும் சீமாங் மையங்கள் இதற்காகவே உள்ளவை, செலவும் இல்லை.

44. வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் ஸ்பூன் திணிக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, அடிபடாமல் சுற்றியுள்ள சாமான்களை நகர்த்திவிட்டு, 108-க்கு அழையுங்கள். "கர்ப்பிணி, வலிப்பு" என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். வலிப்பு தானாக நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்; அடுத்தது வரலாம்.

45. ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் இருக்கும், இடுப்பில் போட்டால் நன்றாகவே வலிக்கும், பயந்து தடுத்துவிடாதீர்கள். 2002-ல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல் பங்கெடுத்தார்கள். இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது. விலையும் மலிவு.

46. "மாசம் முழுசா ஆகலையே, இப்பவே ஏன் எடுக்கணும்?" என்று தாத்தா பாட்டி கலங்குவார்கள். நோயின் மூலம் நஞ்சுக்கொடியில் இருப்பதால் பிரசவம்தான் கடைசி மருந்து. 34 வாரத்துக்கு முன்பாக இருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போட்டு, முடிந்தவரை நாள் கடத்தியே எடுப்பார்கள். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

47. பிள்ளை பிறந்ததோடு ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு 3 முதல் 6 நாளுக்குள்தான் பி.பி. உச்சத்துக்குப் போகும், சுகப்பிரசவமானால் அப்போது வீட்டுக்கே வந்திருப்போம். வீடு தேடி வரும் செவிலியர் குழந்தையின் தொப்புளைப் பார்த்ததும், "எனக்கும் பி.பி. பாருங்க சிஸ்டர்" என்று கையை நீட்டுங்கள். கர்ப்பத்தில் நன்றாக இருந்த பெண்ணுக்கும் ஆறு வாரம் வரை இது புதிதாக வரலாம்.

48. பார்க்க வரும் சொந்தமெல்லாம் குழந்தையைச் சுற்றியே நிற்கும். ஒருவர், ஒரே ஒருவர், தாயை மட்டும் கவனிப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: தலைவலியா, கண் மங்கலா, மாத்திரை போட்டாளா என்று கேட்பது அவர் வேலை. தங்கையோ நாத்தனாரோ, பொறுப்பான கையாக இருந்தால் சரி.

49. டிஸ்சார்ஜ் ஆகும்போது பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தால், "தாய்ப்பால் கொடுக்கிறேனே" என்று நிறுத்தாதீர்கள். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதாகத்தான் தருவார்கள். சந்தேகமிருந்தால் அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும் வேண்டாம்.

50. ப்ரீஎக்ளாம்ப்சியா வந்து போன பெண்களுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாள் வாரத்திலும் அம்மாவுக்கு ஒரு பி.பி. பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வீட்டுக்கு வரும்போது பெரியவர்களோடு நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

51. டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் செய்யாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். லேமினேட் செய்தால் நாளாக ஆக மை மங்கிப்போவதும் உண்டு, டாக்டர் மேலே எழுதவும் முடியாது. அடுத்த குழந்தை உண்டானதும் அந்தத் தாளோடு 12 வாரத்துக்குள் போய் நின்றால், ஆஸ்பிரினும் கால்சியமும் சரியான நேரத்தில் ஆரம்பித்துவிடும்.